பாக்க ஜாலி, ஆடினா காலி!

கரையான்சாவடியில காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கும்போது யூடியூப்ல 'சாக்ராஸ் 17'னு தேடிப் பாருங்க. ஃபுளோரிடாவில் பீட் டை வடிவமைச்சு, 1980-ல் திறந்த கோல்ஃப் மைதானத்தோட 17-வது குழி. தூரம் சுமார் 125 மீட்டர்தான். ஆனா பந்து விழ வேண்டிய புல்திட்டைச் சுத்தித் தண்ணி. உள்ளே விழுந்தா ஒரு அடி அபராதம், மறுபடி அடிக்கணும். 3 அடியில் முடிக்க வேண்டிய இந்தக் குழிக்கு 2005-ல் பாப் ட்வே எடுத்தது 12 அடி. நாலு பந்து தண்ணியில!

சின்னத் தப்பைக்கூட சமாளிக்க வழி இல்லை. அதனாலதான் பாக்குற நமக்கு த்ரில், ஆடுறவருக்கு வேதனை.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் இப்படித்தான். டெமோ பாக்குறவங்க கைதட்டுவாங்க. ஆனா பயன்படுத்துறவர் ஒரு பட்டனைத் தப்பா அழுத்திட்டா, திரும்பி வர வழி வெச்சிருக்கீங்களா?