கைநாட்டு ஆயா நடத்திய வகுப்பு

2020 மார்ச் நடுவில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். ஒன்றாம் வகுப்பு முடியும் தறுவாயில் வீட்டுக்குப் போன பிள்ளை, திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பறையை அது கண்ணால்கூடப் பார்க்கவில்லை. விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் அப்போது ஒன்றும் இரண்டும் என் பொறுப்பு. அந்த நாட்களில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று சொன்னால், இப்போது ஐப்பசி கார்த்திகையில் மழைக்காக விடும் விடுமுறைக்கும் உதவும்.

எடுபடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்போன். பல வீடுகளில் போன் ஒன்றே ஒன்றுதான். அதுவும் விடிந்ததும் அப்பாவின் சட்டைப்பையில் ஏறிக் கொத்தனார் வேலைக்குப் போய்விடும். ராத்திரி அது வீடு திரும்பும்போது ஆறு வயதுப் பிள்ளை தூங்கியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சித்தாள்கள் முத்து முத்தான கையெழுத்தில் முடிந்து வந்தன, எல்லாம் அக்காமார்கள் கையெழுத்து. கல்வித் தொலைக்காட்சியைக் குறை சொல்ல மாட்டேன், பெரிய வகுப்புகளுக்கு அது கைகொடுத்தது. ஆனால் திரையில் இருக்கிற டீச்சர் "சொல்லுங்க பார்ப்போம்" என்றால், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் என் பொடிசுகளுக்கு இல்லையே!

அதனால் எந்த வேலையைச் சொல்லி அனுப்பினாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்: எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவால் இதை நடத்த முடியுமா? பகல் முழுக்கப் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர் அவர்தான். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தபோது வாங்க வந்தவர்களிலும் ஆயாக்கள்தான் அதிகம். பையை நிரப்பிக் கொடுத்துவிட்டு, வாயாலேயே ஒரு வேலை, மிஞ்சினால் இரண்டு வேலை சொல்லி அனுப்புவேன்.

"எம் பேத்திக்கு நான் என்னத்த டீச்சர் சொல்லிக் குடுக்கப் போறேன்? நானே கைநாட்டு" என்றார் ஓர் ஆயா. பூ கட்டி விற்கிறவர்.

"பூவ எப்படி ஆயா அளந்து குடுப்பீங்க?"

"முழம் போட்டுத்தான்."

"அதையே பண்ணுங்க. ஒங்க கையால மூணு முழம் அளந்து வெச்சுட்டு, அதே சரத்த அவ கையால அளக்கச் சொல்லுங்க. எத்தன வருதுன்னு சிலேட்டுல எழுதி வெக்கட்டும்."

அடுத்த முறை பேத்தியும் கூடவே வந்தாள். சிலேட்டில் எண் இருந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அவள் கேட்ட கேள்வி: "டீச்சர், பூக்காரம்மா கை சின்னதா இருந்தா வாங்குறவங்களுக்கு நஷ்டமா?" சென்டிமீட்டரும் மீட்டரும் எதற்கு என்று புரிய வைக்க வகுப்பில் நான் தலையால் தண்ணீர் குடிப்பேன். இவள் அந்த இடத்துக்குத் தானாக வந்து நின்றாள்.

அளப்பதில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. வீட்டில் படியும் ஆழாக்கும் இருந்தால் இறக்கி வையுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பாதி, கால், அரைக்கால் என்று பின்னம் முழுவதும் அதற்குள் கிடக்கிறது, மணலைக் கொட்டி அளந்தால் போதும். படி இல்லாத வீட்டில் டம்ளரும் சொம்பும் தண்ணீரும். ஆனால் ஒன்று: ஊற்றுவதற்கு முன்னால் எத்தனை டம்ளர் பிடிக்கும் என்று பிள்ளை ஓர் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஊற்றினால் அது தண்ணீர் விளையாட்டு, சொல்லிவிட்டு ஊற்றினால் கணக்கு.

கோலமும் அப்படித்தான். ஏழு புள்ளி, நாலில் நிறுத்தும் இடைப்புள்ளிக் கோலம் என்றால் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் எத்தனை புள்ளி என்று ஒவ்வொன்றாக எண்ணுகிற பிள்ளை ஒரு ரகம். மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்துப் பதினைந்தும் பதினைந்தும் முப்பது, நடுவில் ஏழு, 37 என்று வருகிற பிள்ளை இன்னொரு ரகம். இரண்டாவதை நாம் சொல்லிக் கொடுக்கக் கூடாது, பொறுத்திருந்தால் வரும். பையன்களையும் உட்கார வையுங்கள், கோலப்பொடி ஒன்றும் கடிக்காது.

வாசிப்புக்கு நான் கண்ட நல்ல புத்தகம் கல்யாணப் பத்திரிகை. எந்த வீட்டிலும் நாலைந்து கிடக்கும். பெரிய எழுத்து, தெரிந்த ஊர்ப் பெயர்கள், தெரிந்த மனிதர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தன் பெயரில் உள்ள எழுத்து எங்கெல்லாம் வருகிறது என்று வட்டம் போடலாம். இரண்டாம் வகுப்பு, ஊர்ப் பெயர்களைத் தேடிப் பிடிக்கலாம். மூன்றாம் வகுப்பு, பொண்ணுக்குத் தாய்மாமன் யார் என்று கண்டுபிடித்து ஆயாவுக்குப் படித்துக் காட்டலாம். சொந்தக்காரர் பெயரைத் தப்பாகப் படித்தால் ஆயாவே திருத்திவிடுவார், எழுத்து தெரிய வேண்டியதில்லை!

நாள்காட்டித் தாளும் உதவும். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு. ராகுகாலத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, எந்தக் கிழமையும் அது ஒன்றரை மணி நேரம்தான் என்று பிள்ளை கண்டுபிடிக்கிறதா பாருங்கள்.

எழுத்துப் பிழை விஷயத்தில் பெற்றோர்களோடு எனக்குச் சண்டையே நடந்திருக்கிறது. 'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதினால் தலையில் குட்டுவார்கள். ஒரு பக்கத்தில் ஒரு பிழையைத் திருத்துங்கள், மற்றது நாளைக்கு. ஆயா சொல்கிற நூறு நாள் வேலைக் கதையைப் பிள்ளை நாலு வரி எழுதுகிறது என்றால், அந்த நாலு வரிதான் முக்கியம், ரகர றகரம் பின்னால் வரும். நேரமும் அப்படித்தான், அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். பாடத்தை முடிப்பது வீட்டின் வேலையே இல்லை. எழுத்தும் எண்ணும் கையை விட்டுப் போகாமல் இருந்தால் மீதியைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததே அந்த இரண்டும் கை நழுவியதால்தானே.

கடைசியாகப் பல்லாங்குழி. கட்டை இல்லாவிட்டால் மண்ணில் பதினான்கு குழி தோண்டினால் ஆயிற்று. ஐந்தைந்தாகப் போட்டு ஆடும்போது ஐந்தாம் வாய்ப்பாடு தானாக வரும். குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளுகிறார்களே, ஆட்டம் முடிந்ததும் எத்தனை பசு, எத்தனை முத்து என்று கேளுங்கள், நாலாம் வாய்ப்பாடும் வந்துவிடும். முத்துக்குப் புளியங்கொட்டை போதும். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைக் கொடுத்துவிடாதீர்கள், மென்று விழுங்கினால் அது விஷம். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் புளியங்கொட்டையும் தொண்டையில் அடைக்கும் என்பதால், ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடும் பொறுப்பைப் பெரிய பிள்ளையிடம் கொடுங்கள். 70 இருக்க வேண்டும்.