நீலகிரி மலை ரயிலை 4கே வீடியோவில் படமாக்கும் முறை

நீராவி இன்ஜினை வீடியோ எடுப்பதில் முதல் சிக்கல் அதன் நிறங்களிலேயே இருக்கிறது. சக்கரங்களும் தண்டுகளும் கரி படிந்த கருமை; புகைபோக்கியைச் சுற்றி எழும் நீராவியோ வெயில் பட்டால் கண்ணைக் கூசவைக்கும் வெண்மை. இரண்டும் ஒரே பிரேமில் விவரம் குலையாமல் பதிவாக வேண்டும். 4கே பிரேம் ஒன்றில் 3840×2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உண்டு; முழு எச்டியைப் போல நான்கு மடங்கு. நீராவி வெறும் வெள்ளைத் திட்டாகப் பதிவானால் அந்தப் புள்ளிகள் எல்லாம் வீண். ஆகவே நல்ல படத்துக்கு விலையுயர்ந்த கேமராவைவிட மூன்று விஷயங்கள் முக்கியம்: இன்ஜின் எங்கே கடுமையாக உழைக்கிறது என்று தெரிந்திருப்பது, வெண்மையை அளந்து எக்ஸ்போஷர் வைப்பது, ஒலியைத் தனிக் கவனத்தோடு பதிவது.

இந்தப் பொழுதுபோக்கைப் பழக இந்தியாவில் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் மலைப்பாதை. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் திறக்கப்பட்ட இந்த 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதிக்கப்பட்டிருக்கிறது. செங்குத்தான பகுதிகளில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி வீதம் பாதை உயர்கிறது. இன்ஜினின் பற்சக்கரம் பல்சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறும். இங்கே ஓடும் எக்ஸ் வகை இன்ஜின்களை முதலில் செய்து தந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையும் இதே வகையில் புதிய இன்ஜின்களைக் கட்டியது.

கேமராவைத் தொடுமுன் வண்டியின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் வண்டி நண்பகல் வாக்கில் உதகை சேர்கிறது. பிற்பகல் 2 மணிக்கு உதகையிலிருந்து கிளம்பி மாலையில் அடிவாரத்துக்கு இறங்கிவிடுகிறது. வழக்கமாக நீராவி இன்ஜின் இழுப்பதும் தள்ளுவதும் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும்தான். குன்னூரில் அது கழற்றப்பட்டு டீசல் இன்ஜின் மாட்டப்படும். ‘மூன்றாம் பிறை’ படத்தின் இறுதிக் காட்சியை நினைத்துக்கொண்டு குன்னூருக்கு மேலே உள்ள கேத்தி நிலையத்தில் நீராவிக்காகக் காத்திருப்பவர் சிறப்பு வண்டி ஏதும் ஓடாத நாளில் டீசலைத்தான் பார்ப்பார்.

இன்னொன்றும் முக்கியம். பாதுகாப்புக்காக இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஆகவே மலையேறும் வண்டியை எதிர்கொண்டு நின்று படமெடுத்தால் முதலில் வருவது பெட்டியும், அதன் முகப்பு மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனும்தான். புகை பின்னால் எழும். இன்ஜின் முழுதாகத் தெரிய வேண்டுமானால், வண்டி பக்கவாட்டில் விரியும் வளைவு ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இந்தப் பாதையில் 208 வளைவுகள் இருப்பதால் அதற்குப் பஞ்சமில்லை. இறங்கும் வண்டியில் இன்ஜின் முன்னால் வந்தாலும் அது பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறதே தவிர உந்துவதில்லை. புகையும் குறைவு, முழக்கமும் குறைவு. ஒரே ஒரு வேளைதான் வாய்க்கும் என்றால் காலை ஏற்றத்தையே எடுக்க வேண்டும்.

காலை நேரத்துக்கு இயற்பியலும் துணை நிற்கிறது. உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறிய பிறகே அது வெள்ளையாகத் தெரிகிறது. காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும்போது அந்த வெண்மேகம் திரண்டு நெடுநேரம் கலையாமல் நிற்கும். உச்சி வெயிலில் சில அடிகளுக்குள் கரைந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி மாதக் காலைகள் இதற்கு மிக உகந்தவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு ஏற்பட்டு வண்டி ரத்தாவது அடிக்கடி நடக்கும் என்பதால், புறப்படுமுன் ரயில்வே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்தேர்வில் இரண்டு வழிகள் உண்டு: வண்டிக்குள் இருந்து எடுப்பது, சாலை வழியே முந்திச் சென்று எடுப்பது. பல்சட்டப் பகுதியில் வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை; தண்ணீர் பிடிக்கவும் இடையிடையே நிற்கிறது. அதனால் மேட்டுப்பாளையத்தில் புறப்பாட்டைப் பதிந்துவிட்டு, கல்லாறு பக்கம் ஒரு காட்சியும், ரன்னிமேடு – காட்டேரிப் பகுதியில் சாலையோரத்திலிருந்து நெடுந்தூர லென்ஸால் ஒரு காட்சியும், குன்னூர் நிலையத்தில் வருகையும் ஒரே காலையில் எடுத்துவிடலாம். வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போக்குவரத்தை மாற்றுவதும் வழக்கம். இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் போட்ட திட்டம் மலைச்சாலை நெரிசலிலேயே முடிந்துபோகும்.

வண்டிக்குள் இருந்து எடுப்பவர் இன்ஜினுக்கு அடுத்த பெட்டியில் இடம் பிடிப்பது நல்லது. வளைவுகளில் ஜன்னல் வழியே இன்ஜின் தெரியும். 16 சுரங்கங்களின் சுவர்கள் பெட்டியை ஒட்டியே செல்வதால் கையையோ கேமராத் தண்டையோ வெளியே நீட்டக் கூடாது. ஹில்குரோவ் போன்ற இடங்களில் வண்டி நின்று இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் நேரம் நெருக்கக் காட்சிகளுக்கு உரியது. எக்ஸ் வகை இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. கீழ் இரண்டும் ஓடு சக்கரங்களையும், மேல் இரண்டும் பற்சக்கரத்தையும் இயக்குகின்றன. பல்சட்டத்தில் ஏறும்போது கீழ்ச் சிலிண்டரில் ஒருமுறை வேலை செய்த நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய் மறுமுறை வேலை செய்கிறது. வண்டி மீண்டும் நகரும்போது இந்த இரண்டு அடுக்குத் தண்டுகளும் தனித்தனித் தாளத்தில் இயங்குவதை ஒரு நிமிடமாவது பதிந்துகொள்ள வேண்டும். இந்த நுட்பம் தெரியாமல் எடுக்கப்படும் படங்களில் புகை மட்டுமே இருக்கிறது, இயந்திரம் இல்லை.

சட்டமும் காடும் விதிக்கும் எல்லைகளை மீறக் கூடாது. அனுமதியின்றித் தண்டவாளப் பகுதியில் நடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையும் ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. கல்லாறு வட்டாரம் யானைகள் கடக்கும் தடம். விடியற்காலையில் அங்கே புதரோரம் முக்காலி போட்டு நிற்பது உயிருக்கே ஆபத்து. காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். வெலிங்டனில் ராணுவ முகாமும் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதால் இந்த மலையில் டிரோன் எண்ணத்தையே விட்டுவிடுவது சரி. வணிக நோக்கிலான படப்பிடிப்புக்கு ரயில்வேயின் முன் அனுமதி தேவை. பொழுதுபோக்காக எடுப்பவரும் முக்காலியை விரிக்குமுன் நிலைய அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

இனி கேமரா அமைப்பு. வினாடிக்கு 25 பிரேம் என்று வைத்துக்கொள்வது இந்தியாவுக்குப் பொருந்தும். இங்குள்ள மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நிலைய விளக்குகள் துடிப்பது தவிரும். ஷட்டர் வேகம் 1/50 வினாடி. அப்போதுதான் தண்டுகளின் சுழற்சி கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். அதைவிட வேகமாக வைத்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ஆனால் நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100இல்கூட, 1/50க்கு எஃப்/22 வரை அப்பர்ச்சரைச் சுருக்க வேண்டியிருக்கும். அவ்வளவு சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் மழுங்கும். 4கேயின் கூர்மை போய்விடும். லென்ஸ் முன் ஒளியைக் குறைக்கும் என்டி16 வடிகட்டி மாட்டினால் எஃப்/5.6இல் எடுக்கலாம். பின்னர் நிறம் திருத்துவதற்காக லாக் முறையில் பதியும் கேமராக்கள் ஐஎஸ்ஓவை 800 அளவுக்கு உயர்த்திவிடுவதால் அங்கே என்டி128 வரை தேவைப்படும்.

எக்ஸ்போஷரை இன்ஜினுக்கு வைக்கக் கூடாது, நீராவிக்கு வைக்க வேண்டும். கேமராவின் தானியங்கி முறை கரிய இரும்பைப் பார்த்துப் பிரேமை வெளிச்சமாக்கும். அடுத்த நொடி வெண்மேகம் பிரேமை நிறைத்ததும் இருட்டாக்கும். அதனால் முழுக் கைமுறை அமைப்பே வழி. கேமராவில் மிகு வெளிச்சப் பகுதியைக் காட்டும் ஜீப்ரா கோடுகள் இருந்தால் 95 விழுக்காட்டில் வைத்து, வெயில் படும் நீராவியின் உச்சியில் மட்டும் கோடு எட்டிப் பார்க்கும்படி அப்பர்ச்சரைச் சரிசெய்ய வேண்டும். இருளில் ஒளிந்த விவரத்தைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போன வெண்மையை மீட்கவே முடியாது. வசதி இருந்தால் 10 பிட் பதிவைத் தேர்ந்துகொள்ளலாம். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. வானத்தில் மெல்லக் கரையும் புகையில் 8 பிட் பதிவு வரிவரியாகப் பட்டை கட்டும்.

வெள்ளைச் சமநிலையையும் ஃபோகஸையும் பூட்டிவிட வேண்டும். புகை குறுக்கே வந்ததும் தானியங்கி ஃபோகஸ் அலைபாயும். வண்டி வரப்போகும் இடத்துத் தண்டவாளத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டால் கவலையில்லை. கைபேசியிலும் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்ட முடியும். இன்றைய 4கே கைபேசியும் உறுதியான முக்காலியும் இருந்தாலே தொடங்கிவிடலாம். முக்காலியில் இருக்கும்போது கேமராவின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுவது நல்லது.

புகையும் இலைகளும் இமைக்கும் நேரத்துக்குள் மாறிக்கொண்டிருப்பதால், பதிவின் பிட்ரேட் குறைவாக இருந்தால் படம் கட்டம் கட்டமாகக் குழம்பும். வினாடிக்கு 100 மெகாபிட் வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். வி30 குறியுள்ள மெமரி கார்டு இதற்குப் போதும். மேட்டுப்பாளையத்தில் ஏசி அறையில் தங்குபவர் காலையில் கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸில் ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னதாக வெளியே வைத்துவிட வேண்டும்.

பார்வையாளரைப் படத்தோடு கட்டிப்போடுவதில் பாதி வேலை ஒலியுடையது. பலர் கோட்டைவிடுவதும் இதில்தான். தானியங்கி ஒலி அளவை அணைப்பது முதல் வேலை. அது இயங்கினால், விசில் அலறியதும் பதிவைத் தாழ்த்திவிடும். அடுத்து வரும் இன்ஜினின் மூச்சு சில நொடிகளுக்குக் காணாமல் போகும். விசிலுக்கு இடம் விட்டு, வழக்கமான முழக்கம் மைனஸ் 20 டெசிபெல் அளவில் நிற்குமாறு கையால் வைக்க வேண்டும். மலைக்காற்றைத் தடுக்க மைக்குக்கு முடி அடர்ந்த உறை அவசியம். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒலி ஏறத்தாழ மூன்று நொடி தாமதமாக வரும். புகை முதலில், முழக்கம் பின்னர் என்ற அந்த உண்மையை அப்படியே விடுவதா, எடிட்டிங்கில் நகர்த்துவதா என்பது எடுப்பவரின் முடிவு. தொலைவுக் காட்சிகளில் அப்படியே விடுவதே இடத்தின் ஆழத்தை உணர்த்தும்.

வண்டி வரும் ஓசை கேட்டதும் பதிவைத் தொடங்கி, அது மறைந்து எதிரொலி அடங்கும் வரை நிறுத்தக் கூடாது. இடையில் யாரும் பேசக் கூடாது. கேமராவைத் திருப்பித் தொடர்வதைக் காட்டிலும், பிரேமை அசையாமல் வைத்து வண்டி உள்ளே வந்து வெளியே போக விடுவதே பெரும்பாலும் அழகு. இவ்வளவு மெதுவாக ஏறும் வண்டிக்கு அது முழுக்கப் பொருந்தும். நெருக்கக் காட்சி வேண்டுமென்றால் 4கே பிரேமின் கால் பகுதியை வெட்டினாலும் முழு எச்டி தரம் மிஞ்சும். சூரியன் வண்டிக்குப் பின்னால் இருந்தால் நீராவி ஒளிரும், இன்ஜின் நிழலுருவாகும். பக்கவாட்டு வெயிலில் இரும்பின் விவரம் தெரியும். முதல் நாள் பக்க வெளிச்சம், மறுநாள் எதிர்வெளிச்சம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

எடிட்டிங்கில் செய்ய வேண்டியவை சில. நீராவியின் வெண்மை சுத்தமான வெள்ளையாக இருக்கட்டும், நீலம் ஏறக் கூடாது. கருமையை அளவுக்கு மீறித் தூக்கினால் இரும்பு சாம்பலாகிவிடும். பின்னணி இசை தேவையில்லை. மூலப் பதிவை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் நகலெடுத்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதி, இடம், இன்ஜின் எண் மூன்றையும் எழுதுவது கட்டாயம். எண் இன்ஜினின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். விண்டர்தூரில் இருந்து வந்த பழைய இன்ஜின்கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெறுகின்றன. எந்த இன்ஜின் எந்த ஆண்டு எப்படி ஓடியது, அதன் ஒலி எப்படி இருந்தது என்று பிற்காலத்தில் தேடுவோருக்கு எண்ணில்லாத படம் உதவாது. பொழுதுபோக்காக எடுப்பவர்கள் அந்த ஒரு வரியை எழுதிவைக்கத் தவறக் கூடாது.