கைப்பேசியும் கற்கோட்டையும்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி நகரின் மேற்கே இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் நெடிதோங்கி நிற்கின்றன. அவற்றை வளைத்துச் செல்லும் மதில்களே செஞ்சிக் கோட்டையின் அரண். 1677-இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். அவர் மைந்தர் இராஜாராம் இங்கிருந்து மொகலாயரின் நெடிய முற்றுகையை எதிர்த்தார். 1698-இல் கோட்டை மொகலாயர் வசமாயிற்று. 2025-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இத்துணைப் பெருமை வாய்ந்த கோட்டைக்குச் செல்லும் மாணவர், அரண்மனை இருந்த இடத்தில் காண்பது யாது? அடித்தளமே எஞ்சியுள்ளது. அதன்மேல் சுவரும் கூரையும் எழுந்திருந்த தோற்றத்தை மனக்கண்ணால் காணுதல் எல்லார்க்கும் எளிதன்று.

இக்குறையை நீக்க உதவும் தொழில்நுட்பம் ஒன்று உண்டு. அதனை ‘மிகை மெய்ம்மை’ என்பர். கைப்பேசியின் ஒளிப்படக் கருவி எதிரேயுள்ள இடத்தைத் திரையில் காட்டும். கணிப்பொறியால் வரையப்பட்ட உருவம் அவ்விடத்தின்மேல் பொருந்தித் தோன்றும். காண்பவர் நகர்ந்தால், அதற்கேற்ப உருவத்தின் மறுபக்கமும் புலப்படும். இம்முறையில், இடிந்த மாளிகையை மட்டுமன்றி, இதயத்தின் அறைகளையும் எரிமலையின் உட்புறத்தையும் வகுப்பறையிலேயே காட்டலாம்.

மாணவர் இத்தகைய புதுக்கருவியை ஏற்பரோ? கருவிகளை மக்கள் ஏற்கும் வகையை ஆராய்ந்த பிரெட் டேவிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், 1989-இல் இரு காரணங்களை எடுத்துரைத்தார். ‘இது பயன்தரும்’ என்னும் எண்ணம் ஒன்று. ‘இதனைக் கையாளுதல் எளிது’ என்னும் எண்ணம் மற்றொன்று. புதுமை தரும் வியப்போ சில நாளில் தேய்ந்துவிடும். பாடத்தைத் தெளிவாக்காத காட்சியை மாணவர் மறுமுறை நாடார்.

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. புத்தகத்தையும் கைப்பேசியையும் இணைத்துக் கற்கும் பழக்கத்திற்கு அவை வழிகாட்டின. எனினும், வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியைத் தந்தையார் வேலைக்கு எடுத்துச் சென்றால், பிள்ளைக்கு அப்பாடம் எட்டாக்கனியே. விருப்பம் இருந்தும் வாய்ப்பு இல்லாமையை வெறுப்பென்று கொள்ளுதல் தவறு. ஒரு கருவியைப் பலர் சூழ்ந்து காணப் பள்ளி வழிசெய்யின், அக்குறை ஓரளவு நீங்கும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. திரையில் எழும் அரண்மனை, அறிஞர் ஊகித்து வரைந்த உருவம். தரையில் கிடக்கும் கல்லே சான்று. திரையைக் கண்டபின் கைப்பேசியைத் தாழ்த்தி, ‘இச்சுவர் இவ்வளவு உயரம் இருந்ததற்குச் சான்று யாது?’ என்று அடித்தளத்தை மீண்டும் நோக்கும் மாணவரே கருவியை அறிவோடு ஏற்றவர் ஆவர்.