வீட்டிலேயே யோகா: தொடங்குவோர்க்கு ஒரு பாடம்

யோகா என்றவுடன் நம்மில் பலருக்கு மனக்கண்ணில் வருவது தலைகீழாக நிற்கும் ஒரு மனிதர்தான். கூடவே, "அதெல்லாம் வசதியானவங்க சமாச்சாரம், நமக்கெதுக்குப்பா" என்ற எண்ணமும் வரும். ஆற்காடு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் என்று நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் யாராவது ஒருவர் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போகிறார்கள். நாள் பூரா நின்று வேலை செய்துவிட்டு வருபவரிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்க" என்றால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள்.

ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. என் அம்மா ஷூ அப்பர் தைக்கும் மெஷினில் உட்கார்ந்தால் கழுத்து குனிந்தபடியே இருக்கும், தோள் மேலேறி இறுகிவிடும். அப்பா ஈரத்தோலைக் குனிந்து இழுத்துப் போடுபவர். ஒரே அசைவுதான், நாள் முழுதும். வேலை செய்கிற தசையே திரும்பத் திரும்ப வேலை செய்கிறது, மற்றது அப்படியே கிடக்கிறது. டிராயிங் ஷீட் மேல் மணிக்கணக்கில் குனிந்து கிடக்கும் நாமும் இந்தக் கேஸ்தான்!

நேரில் போய்க் கற்க நேரமும் பணமும் இல்லாதவர்களுக்கு இன்று கைப்பேசி இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது யோகா நிலையங்கள் பல ஆன்லைன் வகுப்புக்கு மாறின. அந்த ஆண்டு ஜூன் 21 உலக யோகா தினத்துக்கு நம் அரசு அறிவித்த கருப்பொருளே 'வீட்டில் யோகா, குடும்பத்துடன் யோகா' என்பதுதான். அதற்கு முன்பும் வீட்டில் தனியாகக் கற்றவர்கள் உண்டு. பி.கே.எஸ். அய்யங்கார் 1966-ல் வெளியிட்ட 'லைட் ஆன் யோகா' நூலில் சுமார் 600 படங்கள். அவற்றைப் பார்த்தே பல நாடுகளில் பலர் வீட்டில் ஆசனம் போட்டார்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். புத்தகத்தை நாம் பார்க்கிறோம், புத்தகம் நம்மைப் பார்ப்பதில்லை. பதிவு செய்த வீடியோவும் அப்படியே. நம் பாடத்தில் ஓப்பன் லூப், குளோஸ்டு லூப் என்று படிக்கிறோம் அல்லவா? சீலிங் ஃபேன் ஓப்பன் லூப். அறையில் எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியாது, போட்ட வேகத்தில் சுற்றும். ஆட்டோமேட்டிக் இஸ்திரிப் பெட்டி குளோஸ்டு லூப். சூடு ஏறினால் தானே நிற்கும். வீடியோ யோகா என்பது ஃபேன் மாதிரி. உங்கள் முதுகு வளைந்திருந்தாலும், மூச்சு முட்டினாலும் "அடுத்த ஆசனம்" என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே, தொடங்குபவர் முடிந்தவரை ஆசிரியர் நம்மைப் பார்க்கக்கூடிய நேரலை வகுப்பில், அதிலும் ஆள் குறைவாக உள்ள வகுப்பில், சேர வேண்டும். திரையில் நூறு பேர் இருந்தால் அதுவும் வீடியோ மாதிரிதான்.

நம் துறைக்காரர் ஒருவர் இதில் வழிகாட்டியிருக்கிறார். சென்னையில் 1976-ல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவிய டி.கே.வி. தேசிகாச்சார் (1938-2016) படித்தது இன்ஜினியரிங்! அந்த வேலையை விட்டுவிட்டுத் தன் தந்தை டி. கிருஷ்ணமாச்சாரியாவிடம் (1888-1989) மாணவராகச் சேர்ந்தார். தந்தை 1930-களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தியவர், அய்யங்காருக்கும் அவர்தான் குரு. இளைஞர்களுக்கு அங்கே வேகமான, கடினமான ஆசனங்களைக் கற்பித்தவர், சென்னைக்கு வந்த பிறகு ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து, அவரவர் வயது, வேலை, நோய் பார்த்துப் பாடத்தை மாற்றிக் கொடுத்தார். மகனும் அதே வழியில் போனார். அந்த முறையில் அசைவும் மூச்சும் சேர்ந்தே போகும். அசைவு தொடங்கும் முன் மூச்சு தொடங்கும், அசைவு முடிந்த பின் மூச்சு முடியும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? வீட்டில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் நம்மை நமக்குக் காட்டும் கருவி மூச்சு ஒன்றுதான். மூச்சு திணறினால், நடுங்கினால், தன்னையறியாமல் நின்றுபோனால், நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள் என்று பொருள். காலைத் தொட முடிகிறதா என்பது கேள்வியே அல்ல. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறக்குறைய 195 சூத்திரங்கள் உள்ளன, ஆசனத்தை நேரடியாகச் சொல்பவை மூன்றே மூன்று. நம் திருமூலரும் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் மூச்சைப் பற்றி விரிவாகவே பாடியிருக்கிறார்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், மெதுவாக வெளியே விடும்போது குறையும். நம் வயதில் இது நன்றாகவே தெரியும். வைவா தேர்வுக்கு வெளியே காத்திருக்கும்போது நீளமாக மூச்சு விட்டால் படபடப்பு அடங்குவது இதனால்தான்.

இனி முதல் பாடம். பத்து நிமிடம் போதும்.

நேராக நில்லுங்கள். நான்கு எண்ணியபடி மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை முன்னால் மேலே தூக்குங்கள், நான்கு எண்ணியபடி விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஆறு முறை. அடுத்து சக்ரவாகாசனம். முட்டி போட்டு, கைகளைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, மாடு நிற்பது போல் இருங்கள். மூச்சை விட்டபடி இடுப்பைக் குதிகால் பக்கம் கொண்டுபோங்கள், இழுத்தபடி திரும்ப வாருங்கள். முட்டி வலித்தால் கீழே போர்வையை மடித்துப் போடலாம். பிறகு மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி, அவற்றின் மேல் கை வையுங்கள். மூச்சை விடும்போது முட்டி மார்புப் பக்கம், இழுக்கும்போது திரும்ப. இது அபானாசனம். கடைசியில் மூன்று நிமிடம் சவாசனம். தூங்கிவிடக் கூடாது! மூச்சை அடக்கிப் பிடிப்பது ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். மந்திரம் சொல்ல விருப்பமில்லாதவர்கள் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம், எந்த மதத்தவருக்கும் தடையில்லை.

முதல் வாரம் எங்கம்மா பார்த்துவிட்டு, "இன்னாடா தம்பி, மாடு மாதிரி நின்னுகினு கீற?" என்றார்கள். இப்போது கை தூக்கும் பயிற்சியை மட்டும் டீ இடைவேளையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே செய்கிறார்கள். உட்கார்ந்தும் செய்யலாம், தப்பில்லை.

நம் வீடுகளுக்குத் தகுந்த சில குறிப்புகள். கைப்பேசியைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து, இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் ஆறடி தள்ளி வையுங்கள். முதுகின் வளைவு ஆசிரியருக்குப் பக்கத்திலிருந்துதான் தெரியும். சிமெண்ட் தரையில் கோரைப்பாய் வழுக்கும், ஜமக்காளம் பரவாயில்லை. வீட்டுக்கு ஒரே போன் என்றால் வாரம் ஒரு நேரலை வகுப்பு போதும், அதில் கற்றதை மற்ற நாட்களில் போன் இல்லாமலே செய்யலாம். திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பும் தொல்லையும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று மணி நேரம் பொறுங்கள். காற்றில் டேனரி வாடை கனமாக அடிக்கும் நாளில் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியை விட்டுவிடுவது என் பழக்கம்.

சிரசாசனம், சர்வாங்காசனம் இரண்டையும் போன் பார்த்துக் கற்கவே கூடாது, கழுத்து சம்பந்தப்பட்டது. இரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி பக்கம் போக வேண்டாம். இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, அது யோகா வாத்தியாரிடம் சொல்ல வேண்டியதல்ல, முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்பாவுக்கு அப்படி இருப்பதால் அவரை நாங்கள் இன்னும் பாயில் இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி சொல்லிக்கொடுத்ததை மட்டும் செய்கிறார்.

லேப் ரெக்கார்டு போல ஒரு கணக்கு வையுங்கள்: தேதி, எத்தனை முறை செய்தோம், எங்கே மூச்சு தடுமாறியது. அடுத்த நேரலை வகுப்பில் ஆசிரியர் கேட்டால் அதைப் பார்த்துச் சொல்லலாம். எங்கள் வீட்டில் அதற்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்தான். அம்மாவுக்கு எழுத வராது, அதனால் அவர்கள் பக்கத்தில் செய்த நாளுக்கு ஒரு கோடு மட்டும் இருக்கும்.