செய்து பார்ப்பதே பயிற்சி

பயிற்சி வகுப்பில் கொட்டாவி எழுந்தால், குற்றம் ஊழியருடையதன்று. பெரும்பாலும் பாடம் நடத்தும் முறையினுடையது. கடை நடத்துவோர்க்குப் பயன்படும் ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

கள்ளநோட்டை அறியும் அடையாளங்களைப் பட்டியலாகப் படித்துக் காட்டினால், அவை நெஞ்சில் நிற்பதில்லை. மாறாக, ஊழியரிடம் 500 ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்து, ‘இது நல்ல நோட்டு என்று எவ்வாறு அறிவீர்கள்?’ என முதலில் வினவுவோம். அவரே நோட்டைச் சாய்த்து, பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறுவதைக் காணட்டும். இரு ஓரங்களிலும் உள்ள ஐந்து சாய்கோடுகளை விரலால் தடவி உணரட்டும்.

கற்றது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட நூலில் அளந்து காட்டினார். ஆகவே, ஒரே நாளில் இரண்டு மணி நேரம் பேசுவதைவிட, வாரந்தோறும் கடை திறக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குவது நன்று. ஒரு வாரம் நோட்டு. மறுவாரம், பணம் செலுத்திவிட்டதாகக் கைபேசித் திரையை மட்டும் காட்டும் வாடிக்கையாளராக ஒருவர் நடிக்க, மற்றவர் கடைக் கணக்கில் வரவைச் சரிபார்க்கட்டும். பின்னர் மீண்டும் நோட்டுக்கே திரும்புவோம். இம்முறை ஊழியரே பாடம் நடத்தட்டும்.

பயிற்சியில் நேரும் தவறு சிரிப்போடு முடியும். கல்லாவில் நேரும் தவறு ஒருவரது ஒருநாள் கூலியையே விழுங்கிவிடக்கூடும்.