கல்லான காடும் நட்ட காடும்

நுழையும்முன்

காடு என்பது மரங்களின் கூட்டம் மட்டுமன்று. அதற்கென ஒரு வரலாறும் உண்டு. அதனை அறியாமல் காட்டைக் காத்தல் அரிது. விழுப்புரம் மாவட்டத்தில் கல்லாகிக் கிடக்கும் மரங்களையும் கொடைக்கானல் மலையில் ஓங்கி நிற்கும் பைன் மரங்களையும் ஒருசேர நோக்குகிறது இப்பாடம்.

கல்மரங்கள்

திண்டிவனத்திற்குத் தெற்கே, வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் திருவக்கரை. அதனை அடுத்த மேட்டுநிலத்தில் பருத்த அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. காண்பதற்கு மரம், தொட்டால் கல். இவை வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊரார் வழங்கும் கதை. அறிவியல் வேறு காரணம் கூறுகிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலுள் புதைந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் திசுக்களில் புகுந்து சிறிது சிறிதாக அவற்றின் இடத்தைப் பெற்றது. வடிவம் மாறாமலேயே மரம் கல்லாயிற்று. கிளையும் இலையும் காணப்படாமையால் இவை வேற்றிடத்திலிருந்து வந்தவை எனக் கருதுவர்.

பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா, 1781ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றிக் குறிப்பிட்டார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. 247 ஏக்கர் பரப்புடைய இப்பூங்கா 9 பகுதிகளாக உள்ளது. இங்கிருந்து ஒரு துண்டை எடுத்துச் செல்பவர், மீண்டும் எழுத முடியாத ஏட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்தவராவார்.

எஞ்சிய உறவு

இக்கல்மரங்களுள் போடோகார்பேசி என்னும் ஊசியிலை மரக்குடும்பத்தைச் சேர்ந்ததும் உண்டு. அக்குடும்பத்தின் நாகியா என்னும் மரம் இன்றும் மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வளர்கிறது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரவகை இது ஒன்றே. ஆயினும் இதன் இலை ஊசி போன்றதன்று; அகன்றது. அவ்வாறாயின், கொடைக்கானலில் நாம் கண்டு மகிழும் பைன் காடு எங்கிருந்து வந்தது?

நட்ட காடு

அது மனிதர் நட்ட காடு. பழனி மலையின் உச்சிப்பகுதி, பள்ளங்களில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியுமாக விளங்கியது. மழைநீரை உள்வாங்கி, ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குவது அப்புல்வெளி. ஆங்கிலேயர் அதனைப் பயனற்ற நிலமாகக் கருதினர். மரத்தேவைக்காக அயல்நாட்டுப் பைன், தைலம், சீகை மரங்கள் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் அப்பணி தொடர்ந்தது. உதிர்ந்த பைன் இலைகள் தடித்த மெத்தையாகப் படிந்த இடத்தில் புல் தழைப்பதில்லை. பைன் விதைகளோ காற்றில் பரவி எஞ்சிய புல்வெளியிலும் முளைக்கின்றன.

இன்று புல்வெளியை மீட்க வேண்டும் என்னும் உணர்வு வளர்ந்துள்ளது. 2022இல் தமிழ்நாடு அரசு, அயல் தாவரங்களின் பரவலைத் தடுத்துச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. எனினும், வேரூன்றிய மரங்களை ஒரே நாளில் வெட்டினால் மண் அரிக்கும். படிப்படியாக அகற்றிப் புல்லையும் சோலை மரங்களையும் வளர்த்தலே தக்க வழி.

கல்லான காட்டை நாம் மீண்டும் வளர்க்க இயலாது. காக்க மட்டுமே இயலும். நட்ட காட்டையோ திருத்த இயலும். எதைக் காப்பது, எதைத் திருத்துவது எனத் தெளிவதற்கு வரலாற்றறிவு துணைசெய்யும். பசுமையாகத் தோன்றுவன எல்லாம் காடல்ல. வெறுமையாகத் தோன்றும் புல்வெளி பாழ்நிலமும் அன்று.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள மரங்களுள் மண்ணுக்குரியவை எவை, அயலிலிருந்து வந்தவை எவை என மூத்தோரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக.