கொல்லிமலைப் பச்சிலை: கண்ணில் பட்ட குணமும் படாத கேடும்

தேவனூர் நாடு உட்படக் கொல்லிமலையின் 14 நாடுகளிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பச்சிலை அறிவைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. மலையில் முளைப்பதெல்லாம் மருந்து, காலங்காலமாகச் சாப்பிட்டு வருவதால் பக்கவிளைவே கிடையாது என்பது ஒன்று. படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளுவது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பதற்குக் காரணம் ஒன்றுதான். ஊர் அறிவு அனுபவத்தால் வளர்ந்தது. செடியைத் தின்ற கையோடு தெரிகிற விளைவை அது துல்லியமாகப் பிடித்துவிடும், பல வருடம் கழித்து வரும் விளைவை அதனால் பிடிக்க முடியாது.

முதலில் அது பிடித்ததைப் பார்ப்போம். சிறுகுறிஞ்சான் இலையை நன்றாக மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது, மணலைக் கடிப்பது போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணரும் இடங்களைச் சிறிது நேரம் மறைத்துவிடுகின்றன. நாக்கில் நடப்பது வேறு, ரத்தத்தில் நடப்பது வேறு என்றாலும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிலருக்கு இலைச்சாற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது இன்சுலின் தேவை குறைந்ததாகச் சென்னை ஆய்வாளர்கள் 1990இல் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். அதை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஆனால் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கும் அங்கே இடமில்லை. செங்காந்தளின் கிழங்கான கண்வலிக்கிழங்கு விஷம் என்று கிராமத்தில் குழந்தைக்கும் சொல்லி வளர்ப்பார்கள். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கிவிடுவதால் ஊருக்குச் சந்தேகமே எழவில்லை. அந்தக் கிழங்கிலுள்ள கோல்சிசினை, அளவு பார்த்து, கௌட் என்னும் மூட்டுவீக்கத்துக்கு இன்றும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் இதே மருந்துப் பொருளைத் தரும் விதைக்காகவே செங்காந்தளைப் பயிரிடுகிறார்கள்.

ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை கதை வேறு. பாம்புக்கடி முதல் வயிற்றுப்பூச்சி வரை பலவற்றுக்கும் தமிழகத்தில் சொல்லப்படும் இவை இரண்டும் அரிஸ்டோலோகியா இனம். இவற்றிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. அதில் வேறொரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

நம் முன்னோர் சாப்பிட்டார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? நாற்பது வயதில் கஷாயம் குடித்தவர் ஐம்பதில் கால் வீங்கி இறந்தால், அந்தக் கஷாயத்தை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அது வைத்தியரின் குற்றமில்லை. ரத்தப் பரிசோதனையும் பல வருடக் கணக்கும் இல்லாமல் எந்தக் கூர்மையான கண்ணுக்கும் அந்தத் தொடர்பு தெரிந்திருக்காது.

பாம்புக்கடிக்கும் இதே நியாயம் பொருந்தும். கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சிலமுறை விஷம் ஏற்றாமல் கடிக்கும். அப்படிப் பிழைத்தவருக்கெல்லாம் ஈஸ்வரமூலி வேரைத் தின்றதால் குணம் என்று பேர் வந்துவிடுகிறது. பிழைக்காதவர் வந்து சாட்சி சொல்வதில்லை. கடிபட்டவரை நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், விஷமுறிவு ஊசிதான் மருந்து. இப்படிச் சொல்வது பழங்குடி அறிவுக்கு அவமரியாதை என்பாரும் உண்டு. ஆனால் அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தை வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் வழியாகப் பாம்பு பிடித்து எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர் பழங்குடியினர்தான்.

கொல்லிமலைக் கடைகளில் குவித்து விற்கும், கம்பளி போர்த்தியது போலிருக்கும் முடவாட்டுக்கால் கிழங்கைப் பொறுத்தவரை தீர்ப்பு சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி அது. அதன் சாறு எலிகளில் வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. மனிதரின் மூட்டுவலி தீரும் என்று சொல்ல அது போதாது. சூப் வைத்துக் குடிப்பவர்கள் குடிக்கட்டும், மூட்டு மருத்துவத்தை அதற்காக நிறுத்த வேண்டாம். ஆனால் சுற்றுலாச் சந்தைக்காகக் கிழங்கை வேரோடு பெயர்ப்பது கண்ணெதிரே நடக்கும் கேடு, அதற்கு ஆய்வு தேவையில்லை.

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி உள்ளூர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். செடியின் பேரையும் எந்த நோய்க்கு என்பதையும் குறித்துக்கொண்டு நிறுத்திவிட்டால் அது பாதிப் பதிவேடு. எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்து ஒத்துக்கொள்ளாமல் போனது யாருக்கு என்பதையும் மலை மக்களிடமே கேட்டு எழுத வேண்டும். அப்போதுதான் சிறுநீரக மருத்துவர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்து, ஊரின் கண்ணில் படாததைச் சேர்க்க முடியும்.